குகையாக இருந்தவள்

பல் செட் செய்து தருகிறவளைத் தெருவே பல்லக்கா என்று கூப்பிடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன், அறுபதைத் தாண்டிய தங்கையை, இன்னும் 'குகை' என்றுதான் கூப்பிடுகிறார். கடைத்தெருவில் நாலு பேர் முன்னால், "ஏ குகை, நில்லு" என்பார். அவளும் நிற்பாள். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, வெளியே சொல்லக்கூடாத ஏதோ குடும்ப விவகாரம் என்று நினைத்து ரொம்ப நாள் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான். அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது அவருக்கு ஒரு பொம்மை ரயில் வந்தது. சாவி கொடுத்தால் ஓடுகிற தகர எஞ்சின். பச்சை நிறம், பக்கவாட்டில் சிவப்புக் கோடு, பின்னால் மாட்ட மூன்று பெட்டிகள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அப்போதே அது ரொம்பப் பழசு. தண்டவாளம் இருந்தது, ஸ்டேஷன் இருந்தது, கைகாட்டி இருந்தது. குகை மட்டும் இல்லை. அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"படு," என்றார்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மடக்கிய காலுக்கு அடியில் தண்டவாளம். ரயில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். குகை அசையக்கூடாது, பேசக்கூடாது, மூக்கு அரித்தால் சொறியக்கூடாது. அவளும் பொழுது சாயும்வரை கூரையைப் பார்த்தபடி கிடப்பாள். சிமெண்டுத் தரை வழியாக அந்தக் கடகட சத்தம் முதலில் இடுப்பில் தெரியும், அப்புறம் முதுகு முழுக்கப் பரவும், பிறகு தேய்ந்து போய்விடும். பெருமைக்குக் குறைச்சல் இல்லை. அண்ணன் விளையாட்டில் அவளுக்கும் ஒரு வேலை இருந்ததே.

ஒருநாள் ஆசை யாரை விட்டது? ரயில் தன் காலுக்கு அடியில் நுழைவது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கத் தலையைத் தூக்கினாள். தலையைத் தூக்கினால் கால் சும்மா இருக்குமா? முழங்கால் சரிந்தது, எஞ்சின் அவள் காலில் மோதிக் குப்புற விழுந்தது, புகைபோக்கி நெளிந்துபோனது. அண்ணன் அழுத அழுகையில் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். அதோடு அண்ணன் தீர்ப்பு எழுதிவிட்டார்: குகை குகையாக மட்டும் இருக்கலாம், எஞ்சினை விரலால்கூடத் தொடக்கூடாது. பெரிய நீதிபதி. ஆனால் தீர்ப்பு நின்றுவிட்டது. வளர்ந்தார்கள், அவரவர் தொழில், அவரவர் குடும்பம் என்று ஆனார்கள். அவள் அந்த எஞ்சினைத் தொடவே இல்லை.

பல் டாக்டர் அளவெடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்வது பல்லக்காவின் தொழில். முன்னறையை ஒட்டிய சின்ன அறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேஜை, ஸ்பிரிட் விளக்கு, மெழுகு உருக்கும் கிண்ணம், ஊசி மாதிரியான அரங்கள், மெருகு போடும் மோட்டார். அலமாரியின் மேல்தட்டில் யார் யாருடைய வாயோ பிளாஸ்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கீழ்த்தட்டுகள் முழுக்க ரயில்.

எல்லாம் பழைய பொம்மை ரயில்கள். வீடு காலி செய்கிறவர்கள் பரணிலிருந்து இறக்கிப் போட்டவை, பழைய சாமான் கடையில் உடைந்த குடைகளுக்கு நடுவே கிடந்தவை, பல் செட்டை ஒட்டித் தரச் சொல்லி வந்த கிழவர்கள் மனசு வந்து கொடுத்தவை. ஒடிந்த சக்கரத்துக்கு மெழுகில் அச்செடுப்பாள். பல் செட்டுக்கு ஈறு வார்க்கிற அதே ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கில் புதுச் சக்கரம் வார்த்துவிடுவாள். பெயிண்ட் அடித்து மறைக்க மாட்டாள். பழசு எது, தான் போட்டது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவள் கட்சி. அதனால் அவள் வீட்டு ரயில்கள் ஈறு தெரியச் சிரித்துக்கொண்டே ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஓட்டுவாள். தண்டவாளம் பட்டறையில் கிளம்பி, முன்னறை சோபாவுக்கு முன்னால் ஓடி, சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் திரும்பி வரும். தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சத்தம் நெருங்கியதும், படிக்கிற வரியிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வார். கால் தானாகப் பழகிவிட்டது.

இத்தனை இருந்தும் என்ன? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பச்சை எஞ்சின். அதன் மூன்று பெட்டிகளை, "சும்மாதானே கிடக்கு, எடுத்துக்கோ" என்று அண்ணன் எப்போதோ கொடுத்திருந்தார். அவற்றை வேறு எந்த எஞ்சினோடும் அவள் மாட்டியதில்லை. மாட்டிப் பார்க்கக் கை போகும், மனசு வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவை மட்டும் தட்டில் உட்கார்ந்திருக்கும்.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் நாற்காலிக்குப் பின்னால், ஃபிரேம்களுக்கு மேலே, தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பூட்டு. உள்ளே எஞ்சின். வருஷத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, பஞ்சால் துடைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். ஓட்ட மாட்டார்.

"ஓடாத ரயில் ஒரு ரயிலாண்ணா?" என்று கேட்பாள் பல்லக்கா.

"ஓட்டித் தேய்ச்சிட்டா அப்புறம் ரயில் எங்கே இருக்கும்? உன் வீட்டுல இருக்கிறது எல்லாம் பாதி ரயில், பாதி பல் செட்," என்பார் அவர்.

இப்படிச் சொல்கிறவர் கடைக்கு அவள் ஏன் போகிறாள் என்று கேட்கலாம். கண்ணாடி ஸ்க்ரூவை முடுக்கத்தான். அந்த ஊரில் பல்லக்காவின் மூக்குக்கண்ணாடி மாதிரி அடிக்கடி லூசாகிற கண்ணாடி வேறு கிடையாது. பட்டறையில் உட்கார்ந்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அவளே அரைச் சுற்று கழற்றிவிட்டுக்கொண்டு போவாள். அண்ணன் முடுக்குகிற நேரம் மட்டும், அவர் தோளுக்கு மேலே அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பல்லக்கா பாவம் என்றால் பாவம்தான்.

போன வருஷம் அண்ணன் கடையை மூடப்போவதாகச் சொன்னார். மகன் வேறு ஊரில் இருக்கிறான், அவனோடு போய் இருக்கப்போகிறார், இரண்டே அறை உள்ள வீடு. சொன்ன கொஞ்ச நாளில், கண்ணாடி வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பஞ்சுக்குள் எஞ்சின் இருந்தது. கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று பல்லக்கா ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

"சாவி திரும்ப மாட்டேங்குது. பார்த்துக் குடு," என்றார். "ஒருத்தர் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். பெரிய சேகரிப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள விளக்கெல்லாம் போட்டு வைப்பாராம். ஓடுற நிலையில இருந்தாத்தான் எடுப்பாராம்."

"விக்கிறியா?"

"வேற என்ன செய்யச் சொல்றே? உன்கிட்ட குடுத்தா ஓட்டித் தேய்ச்சிடுவே. அங்கே பத்திரமா இருக்கும். அப்படியே இந்தப் புகைபோக்கி நெளிவையும் எடுத்துடு."

அவருக்கு வாய் எப்படி வந்ததோ தெரியவில்லை. அண்ணன் தலை மறைந்ததும் பல்லக்கா மெருகு மோட்டாரைப் போட்டாள். மெருகு போடுவதற்கு மேஜையில் ஒன்றும் இல்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வீட்டுக்காரருக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"எனக்குக் குடுன்னு வாயைத் திறந்து கேட்டுட வேண்டியதுதானே?" என்றார்.

"கேட்க மாட்டேன்."

"ஏன், கேட்டா வாய் வலிக்குமா?"

"கேட்டு வாங்கினா, அண்ணன் குடுத்ததா ஆகாது," என்றாள்.

மறுநாள் எஞ்சினைத் திறந்தாள். தகர மேல்கூட்டைப் பிடித்திருக்கும் நாக்குகள் பழசு. இரண்டு தடவைக்கு மேல் வளைத்தால் ஒடிந்துவிடும். மெழுகில் பதிந்த பல்லை எடுக்கிற பதனத்தோடு ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். உள்ளே ஸ்பிரிங் முழுசாக இருந்தது. பல்சக்கரம் ஒன்றுகூடத் தேயவில்லை. பிறகு என்ன கோளாறு? எண்ணெய். ஓட்டாமலே அண்ணன் வருஷா வருஷம் விட்ட எண்ணெய், ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, பழுப்புப் பிசினாக இறுகி, சக்கரங்களைக் கட்டிப் போட்டிருந்தது. தேயாமல் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவரே அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறார். பல்லக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கோபத்தோடு ஆரம்பித்தவள், ஒவ்வொரு பல்லாகப் பிசினைச் சுரண்டச் சுரண்ட, கோபம் எங்கே போனதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மெனக்கெட்டு இத்தனை வருஷம் எண்ணெய் விட்டிருக்கிறாரே மனுஷன்.

வேலை முடிந்து, கூட்டை மாட்டி, சாவியைத் திருகி, எஞ்சினைக் கையில் மல்லாத்திப் பிடித்தாள். சக்கரங்கள் சுழன்றன. அதே கடகட. அவளுக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் தண்டவாளம் கிடந்தது.

"வெச்சுத்தான் பாரேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, எஞ்சினைப் பஞ்சுக்குள் வைத்து மூடினாள்.

அண்ணன் எடுத்துப்போக வந்த அன்று, வாங்குகிற ஆள் சாயங்காலம் கடைக்கு வருவதாக ஏற்பாடு. எஞ்சினை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியைத் திருகினார், திரும்பியது. விரல் புகைபோக்கியில் வந்து நின்றது.

"நெளிவு அப்படியே இருக்கே?"

"அதைத் தொடலை," என்றாள் பல்லக்கா. "அந்த எஞ்சின்ல என்னோடதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் என்னையே எடுக்கச் சொன்னா எப்படிண்ணா?"

அண்ணன் எஞ்சினை மேஜைமேல் வைத்தார். "தண்டவாளத்துல வெச்சுப் பார்த்தியா?" என்றார்.

"இல்லை."

"இத்தனை நாள் கையில வெச்சிருந்து, ஒரு தடவைகூடவா ஓட்டலை?"

"நீ சொல்லலையே."

அவர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை எதற்கு அத்தனை நேரம் துடைத்தார் என்று கேட்கக்கூடாது. பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார். "உன் கண்ணாடி ஸ்க்ரூவை நீயேதான் கழட்டிட்டு வர்றேன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேதான் முடுக்கிக் குடுத்தியா?"

"ஏன் கழட்டுறேன்னு கேட்டுட்டா, அப்புறம் நீ வர மாட்டியே."

வீட்டுக்காரர் பேப்பரை மெதுவாக மடித்து வைத்தார். பல்லக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

"பெட்டிங்க எங்கே?"

தட்டிலிருந்து மூன்றையும் எடுத்துவந்தாள். எஞ்சினோடு மாட்டினார்கள். கொக்கிகள் நேற்றுத்தான் பிரிந்ததுபோல் பொருந்தின. முன்னறைத் தண்டவாளத்தில் வைத்ததும், பல்லக்கா பழக்கதோஷத்தில் தரையில் கையை ஊன்றிப் படுக்கப் போனாள்.

"நீ எங்கே போறே?" என்றார் அண்ணன்.

"குகை வேணாமா?"

"நீ இரு. இந்தா, சாவியைப் பிடி."

இவ்வளவு சொல்லிவிட்டு, எழுபதை நெருங்கும் அந்த மனுஷன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முழங்கால் இரண்டும் படபடவென்று நெட்டி முறிந்தன. "பார்த்து, பார்த்து" என்று வீட்டுக்காரர் தோளைத் தாங்கினார். ஒருவழியாக மல்லாந்து, முழங்காலை மடக்கி, தண்டவாளத்துக்கு மேலே காலை ஊன்றிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"வாங்குறவராத்தான் இருக்கும்," என்றாள் பல்லக்கா.

"அடிக்கட்டும். எஞ்சினுக்கு ஆள் இருக்குன்னு அப்புறமா சொல்லிக்கலாம். நீ விடு."

பல்லக்கா சாவியைத் திருகினாள். கடைசிச் சுற்று வரை திருகி, எஞ்சினின் விசையை விட்டாள். பச்சை எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. மேஜையைச் சுற்றித் திரும்பி, சோபாப் பக்கம் வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. துடைத்தால் எதையாவது பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்று துடைக்காமல் இருந்தாள்.

"ஏ குகை," என்றார் அண்ணன், கூரையைப் பார்த்தபடி. "இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாது."

"இப்படியேவா கிடந்தே அத்தனை நாளும்?" என்று கேட்டுக்கொண்டே தலையைத் தூக்கப் பார்த்தார். முழங்கால் ஆடியது.

"தலையைத் தூக்காதேண்ணா," என்றாள் பல்லக்கா. "அசையாம படு. முதுகுல தெரியும் பாரு."

அண்ணன் தலையைக் கீழே வைத்துக்கொண்டார். அந்த ரயில் குகைக்குள் நுழைவதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.