கால் தரிக்காத ஜெயதீபன்

மகளை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் ஏற்றி இருத்திவிட்டு, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, அவள் தலையை வகிர்ந்துகொண்டிருப்பான் ஜெயதீபன். வீட்டுக்குள் கதிரை இல்லாமலில்லை. வாசல் படலையடியில் நின்றால்தான் ஒழுங்கை முடிவில் கடல் தெரியும், அதற்காகத்தான். ஒரு பின்னலுக்கும் மற்றப் பின்னலுக்கும் இடையில் பல தடவை அந்தப் பக்கம் பார்த்துவிடுவான். "அப்பா, இழுக்கிறியள்" என்று தாரிகா முனகினால் கை தளரும். கண் மட்டும் திரும்பாது.

பருத்தித்துறைப் பக்கத்துக் கரை எங்களுடையது. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள், நான் ஒருவன்தான் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவன். அதனாலோ என்னவோ, என்னைக் கண்டால் ஜெயதீபனுக்குக் காற்றுப் பாடம் எடுக்கத் தோன்றிவிடும். "அண்ணை, சோளகக் காத்து அடங்கிட்டுது. இண்டைக்கு வெளிக்கிட்டால் மீன் படும்" என்பான். பிறகு தானே சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு மாரிக்கு முன் டெங்குக் காய்ச்சலில் அவன் மனைவி உதயகலா போய்விட்டாள். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. இவனுக்கு முப்பது தாண்டி அதிக நாளாகவில்லை. தாரிகா அப்போது நேசறிப் பிள்ளை. எங்கள் கரையில் வலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயப் போனால் விடியத்தான் திரும்புவார்கள். இரவில் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாக என் மனைவி எவ்வளவோ சொன்னாள். "வேண்டாம் அக்கா, முழிச்சால் என்னைத்தான் தேடுவாள்" என்று சொல்லி, படகில் இருந்த தன் பங்கைக் கூட்டாளிக்கு விட்டுவிட்டான்.

இப்போது கரையோரக் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறான். கைவேலை சுத்தம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஆள் ஒரு இடத்தில் நிற்கமாட்டான். தேத்தண்ணியை நின்றபடி பாதி குடித்து, மீதியை எங்கே வைத்தேன் என்று தேடுவான். ஒரு ஆணியைக் கழற்றுவான், எழும்பிப் போய் அலையில் காலை நனைத்துவிட்டு வருவான். திருத்திய எஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பீப்பாவுக்குள் இறக்கி முடுக்கிப் பார்க்கும்போது தண்ணீர் கொந்தளித்து அவன் இடுப்பில் கட்டிய சாரமெல்லாம் நனையும். பீப்பா நின்ற இடத்திலேயே நிற்கும். வேண்டிய நேரத்துக்கும் மேலாக அதை முடுக்கிக்கொண்டே நிற்பான்.

பின்னல் கட்டப் பழகியதும் இலேசில் நடந்ததல்ல. பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம் அவன் பின்னிய பின்னல், நங்கூரம் கட்டலாம் போல இறுகியிருந்தது. றிபனுக்குப் போட்டதோ வலைக்கயிற்றுக்குப் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். தலை வலிக்கிறது என்று பிள்ளை அழ, ரீச்சர் நகத்தால் கிண்டிப் பார்த்து, பல்லாலும் இழுத்துப் பார்த்து, கடைசியில் கத்தரிக்கோலால் றிபனை வெட்டினாராம். அன்று பின்னேரமே என் மனைவியிடம் வந்து நின்று பூ முடிச்சுப் பழகினான். ஆனால் கதை அதற்குள் புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

புத்தூரில் இருப்பவர் உதயகலாவின் தமையன் கனகலிங்கம். வெங்காயத் தோட்டக்காரர். தங்கை கடற்கரைப் பையனை விரும்பிக் கட்டியதால், சாதியைச் சொல்லி, அவள் உயிரோடிருந்தவரை இந்தப் படலையைத் திறக்காதவர். செத்த வீட்டுக்குத்தான் முதன்முதலாக வந்தார். றிபன் கதை கேட்ட ஞாயிற்றுக்கிழமை, ஒரு பை மரக்கறியோடு மறுபடி வந்தார். "அண்ணை, நீங்களும் வந்து சும்மா இருங்கோ" என்று ஜெயதீபன் என்னைக் கூப்பிட்டான்.

வேப்பமரத்தடியில் கதிரை போட்டோம். தாரிகாவுக்கு அப்படியே தாயின் முகம். கனகலிங்கத்தின் கண் அவளை விட்டு அகலவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். வந்த விஷயத்தை நேராகச் சொன்னார். "நீர் இன்னும் இளம் ஆள். திரும்பக் கடலுக்குப் போகலாம், ஒரு கலியாணமும் செய்யலாம். பிள்ளையை எங்களிட்டை விடும். பெண் பிள்ளை, வீட்டிலை ஒரு பொம்பிளை வேணும்."

ஜெயதீபன் படலைக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தான். கடல் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் நடை தடுமாறியதைக் கண்டேன். ஓம் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம் பிடித்தது. ஒரு இரவாவது கடலில் கிடக்கவேண்டும் போலிருக்கிறது என்று முதல் நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான்.

வெயிலுக்குக் கனகலிங்கம் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். புத்தூரிலிருந்து கொண்டுவந்தது. செத்த வீட்டன்றும் அப்படித்தான் கொண்டுவந்தார். இந்த வீட்டில் அவர் வாய் நனைத்ததில்லை.

ஜெயதீபன் நடையை நிறுத்தினான்.

"கடல் எனக்கு வேணும்தான் மச்சான், பொய் சொல்லேல்லை. ஆனால் இவளை உங்களிட்டை விட்டால், நாளைக்கு என்னைப் பாக்க வரேக்கை இவளும் போத்தலோடையோ வருவாள்?"

கனகலிங்கம் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஜெயதீபன் குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தான். நீட்டினான். குடியுங்கோ என்று சொல்லவில்லை. கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். தேத்தண்ணி ஆறியிருக்கும். கனகலிங்கம் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு கையை நீட்டி வாங்கி, அடிமட்டும் குடித்து முடித்தார். பிள்ளையை விடச்சொன்ன கதையை அவர் பிறகு எடுக்கவில்லை.

வெறுங்கோப்பையை ஜெயதீபன் குழாயடியில் கழுவினான். குசினித் தட்டில், தாரிகாவின் கோப்பைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான்.