சாலம்மாள் மலையேறிய நாள்

நைனார்பாளையத்துச் சாலம்மாள் பத்து வயதில் நடவு வயலில் இறங்கியவள். குனிந்து நட்டு, இடுப்பு கடுத்து நிமிர்ந்தால் தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகத் தெரியும். ஐம்பது வயதுவரை அதைப் பார்த்துக்கொண்டே நட்டாளே தவிர, அதன்மேல் கால் வைத்ததில்லை.

அந்த வருஷம் தை நடவு முடிந்ததும், கூட நடுகிற ஜெயம்மாள் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டாள். வேண்டுதல் எதுவும் இல்லையாம், சும்மாதானாம். சாலம்மாளுக்கு ஆசை பொங்கியது. ரங்கம்மாளும் வருகிறாள் என்று கேட்டதும் பாதி வடிந்துவிட்டது.

ரங்கம்மாளும் அவளும் பாவாடை கட்டிய காலத்திலிருந்து சிநேகிதிகள். இரண்டு வருஷமாகத்தான் பேச்சில்லை. சாலம்மாளின் புருஷன் மாயவன் செத்த அன்று ஊரே வந்தது, ரங்கம்மாள் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்து நின்றவளுக்குச் சாலம்மாள் முகம் கொடுக்கவில்லை.

இருந்தும் கிளம்பினாள். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி வெள்ளிமலையில் இறங்கினார்கள். சாமை அறுத்த கொல்லைகளைத் தாண்டி, கடுக்காய் மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை செங்குத்தாக ஏறியது. ஜெயம்மாள் ஆடு மாதிரி முன்னால் போய்விட்டாள். பாதி ஏற்றத்தில் சாலம்மாளுக்கு மூச்சு இரைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து, தான் இங்கேயே இருப்பதாகவும் அவர்கள் போய்வரட்டும் என்றும் பொதுவாகச் சொன்னாள்.

பின்னால் வந்த ரங்கம்மாள் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரரு செத்த அன்னிக்குத்தான் என் பொண்ணுக்குக் கொழந்த செத்துப் பொறந்துச்சு. சேலம் ஆஸ்பத்திரில அவளப் புடிச்சிக்கினு கெடந்தேன்" என்றாள். "சாவு வூட்ல வந்து இத எப்படிடி உன்கிட்ட சொல்றது?"

அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று அரசல்புரசலாகக் கேட்டிருந்தாள் சாலம்மாள். அதே நாள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் விசாரிக்கவில்லை.

"இன்னா கொழந்த?"

"ஆம்பளப் புள்ள."

சாலம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுது முடித்த பிறகு, அவள்தான் முதலில் எழுந்தாள்.

"ஏந்திரு. ஜெயம்மா தேடிக்கினு இருப்பா."

பிடித்த கையை விடாமலே மெல்ல மெல்ல ஏறினார்கள். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே ஏரிகளும் வயல்களும் சிறுசிறு துண்டுகளாகக் கிடந்தன. தங்கள் ஊர் எது என்று ஜெயம்மாளும் ரங்கம்மாளும் ஆளுக்கொரு திசையைக் காட்டிச் சண்டை போட்டார்கள். சாலம்மாள் புளிச்சோற்றைப் பிரித்து, ரங்கம்மாளுக்கு முதலில் ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஆவணியில் ரங்கம்மாளின் மகளை மறுபடி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்து அழுதபோது, வராந்தாவில் மூன்று நாளாகப் பாய் விரித்துக் காத்திருந்த சாலம்மாள்தான் அதை முதலில் கையில் வாங்கினாள்.