ரிவர்ஸில் மட்டும் நின்ற கார்

என்னிடம் இருந்த சிவப்பு நிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு என்னைவிட வயது அதிகம். புத்தி மட்டும் என் அளவுக்குத்தான். பிரேக்கை அழுத்தினால், நிற்பதற்கு முன் இடது பக்கம் போய் யாரையாவது விசாரித்துவிட்டு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை, வேலூரில் எங்கள் சர்ச் போதகர் ஆசையாக வளர்த்த செம்பருத்தி வேலியை அது அப்படி விசாரித்தது.

பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய என் மனைவி தலையில் சிக்கியிருந்த செம்பருத்தியை எடுத்துக் கீழே போட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெட்ட செய்தியை நிதானமாகச் சொல்லிப் பழகியவள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம இதே சர்ச் கேட்டாண்ட இது நேரா நிக்கணும். இல்லன்னா ராணிப்பேட்டை பழைய இரும்புக்கடைக்காரர் எடுத்துட்டுப் போய்டுவார்.”

“சொன்ன உடனே வந்துடுவாரா இன்னா?”

“ஏற்கெனவே வந்து பாத்துட்டுப் போய்ட்டாருங்க.”

நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவன். ஒரு நாடகத்தில் நாயகனின் வீழ்ச்சி எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்று சொல்வேன். என் வீழ்ச்சி எந்தச் சக்கரத்தில் தொடங்குகிறது என்று தெரியாது. அதற்கு ஆம்பூர் நண்பன் இருந்தான். தோல் பதனிடும் தொழிற்சாலையில், அவர்கள் பேச்சில் தோல் ஷாப்பில், சூப்பர்வைசர், என்னைப் போலவே கார்ப் பைத்தியம். அவனுடைய முதலாளியின் பழைய அம்பாசடரை ஒரு லாரி பின்னாலிருந்து நசுக்கியிருந்தது. முன்பாதியில் கீறல்கூட இல்லை. வேண்டியதைக் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி.

“உங்க வண்டியும் அம்பாசடரும் ஒரே வம்சம் புரபசர்” என்றான் நண்பன். “ஒண்ணு ஷோக்குப் பேர்வழி ஆயிடுச்சி, இன்னொண்ணு குடும்பஸ்தன் ஆயிடுச்சி. அவ்ளோதான் வித்தியாசம்.”

முன்பக்க சஸ்பென்ஷனையும் பிரேக்குகளையும் அவனே கழற்றி, பிரேக் தகடுகளில் இடது, வலது என்று சாக்பீஸால் குறித்து வைத்திருந்தான். சனிக்கிழமை காலை, கியரையும் ஆண்டவரையும் நம்பி ஆம்பூருக்கு ஓட்டிப் போனேன். தோல் ஷாப்பின் பின்முற்றத்தில், சுண்ணாம்புத் தொட்டிகளின் வாடையில் வேலை தொடங்கியது. என் காரின் சுருள் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து உள்ளே ஏற்றவேண்டிய கட்டம் வந்தது.

“கை விட்டா இன்னா ஆகும்?”

“உங்க வேலைக்கு வேற ஆள் எடுப்பாங்க.”

விடவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. என் கையில் மிச்சமாக ஒரு நட்டுகூட இல்லை. என் வாழ்க்கையில் அதற்கு முன் நடக்காத அதிசயம். இருவரும் ஏறி உட்கார்ந்தோம். கார் பறந்தது. பிரேக்கை அழுத்தினேன். நேராகப் போனது. மிக நேராக. நிற்கும் எண்ணம் மட்டும் அதற்கு இல்லை. தோல் பதனிட வைத்திருந்த வேலம்பட்டை மூட்டைகளில் மெதுவாக முட்டி நின்றது.

“பின்னால எடுங்க, இன்னொரு தபா பாக்கலாம்” என்றான்.

ரிவர்ஸில் வந்து பிரேக்கைத் தொட்டேன். தொட்டதோடு சரி. எங்கள் முதுகு சீட்டில் போய் அறைந்தது. அவன் தொப்பி பின்னால் பறந்தது. அப்படி ஒரு பிரேக்கை நான் அதுவரை மிதித்ததே இல்லை.

“நாளைக்கு சர்ச்சுக்கு ரிவர்ஸ்லயே போய்டுங்க” என்று சொல்லிக்கொண்டே தொப்பியை எடுக்க இறங்கினான். “அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

திரும்பி வரும்போது சிரிப்பு போயிருந்தது. அந்தப் பிரேக் கட்டைகள் சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது கவ்வும்படி அமைந்தவை. பக்கம் மாறினால் பின்னோக்கிச் சுழலும்போதுதான் கவ்வும்.

“பக்கம் மாத்தி மாட்டிட்டீங்களா?”

“நீ இடதுன்னு எழுதினதைத்தான் இடது பக்கம் மாட்டினேன்.”

ஒரு சக்கரத்தைக் கழற்றித் தகட்டைப் பார்த்தான். பிறகு ஆகாயத்தைப் பார்த்தான்.

“தோலுக்குப் போடறாப்பல போட்டுட்டேன்.”

தோல் ஷாப்பில் தோலை உள்பக்கம் மேலே தெரிய விரித்து, அந்தப் பக்கத்தில்தான் குறி போடுவார்கள். மேசையில் இடது பக்கம் கிடப்பது மாட்டின் வலது விலா. ஆகவே இடது பக்கம் தெரிவதை வலது என்று எழுதுவதுதான் அவன் தொழிலில் நேர்மை. கார் போகும் திசையைப் பார்த்து நின்றுகொண்டு அம்பாசடரையும் அவன் அப்படியே விரித்த தோலாகப் பார்த்திருக்கிறான்.

“எங்க ஆளுங்க யாரா இருந்தாலும் பாத்த உடனே புரிஞ்சிப்பாங்க” என்றான்.

“உங்க ஆளுங்க இதுவரைக்கும் ஒரு மாட்டுக்கும் பிரேக் மாட்டல.”

திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி கழற்றினோம். அவன் சக்கரத்தருகே படுத்து “அமுக்கு”, “விடு” என்று கத்த, நான் பெடலை மிதித்துக் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். அவன் ‘புரபசர்’ என்பதையும் ‘ங்க’ என்பதையும் சேர்த்தே வெளியேற்றியிருந்தான். பொழுது சாய்வதற்குள் மூட்டைகளை நோக்கி மறுபடி பறந்தோம். மிதித்தேன். மூட்டைகள் பிழைத்தன. நாங்கள் இருவரும் காருக்குள்ளேயே எம்பிக் குதித்தோம். தோல் ஷாப் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, காருக்கு வைத்தியம் பார்ப்பதா, எங்களுக்குப் பார்ப்பதா என்பதுபோல் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, மனைவி மடியில் பைபிளை இரு கைகளாலும் பிடித்திருந்தாள். சர்ச் கேட்டில் போதகர் மிச்ச வேலிக்கு முன்னால் வெள்ளை அங்கியோடு அரணாக நின்றார். காரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபமாகத்தான் இருக்கும். மிதித்தேன்.

கார் நேராக நின்றது. போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

மனைவி பைபிளோடு இறங்கி உள்ளே போய்விட்டாள். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. ஆராதனை முடிந்து அவள் வந்து, காரில் ஏறி உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“நேரா வீட்டுக்கு வேணாங்க. கணியம்பாடி வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

“அப்போ ராணிப்பேட்டைக்காரர்?”

“வரட்டுமே. வீட்ல ஒண்ணுத்துக்கும் ஆவாதது வேற இருக்குது இல்ல” என்று என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். “கொஞ்சம் ஜாஸ்தி வேகமாவே போங்க.”