பார்க்காத கிணறு

எஸ்தர் மிஸ் காலமாகிவிட்டார் என்ற கார்டு சென்ற வெள்ளிக்கிழமை மத்தியானத் தபாலில் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. எழுதியவன் மாதவன் நாயர். அவரிடம் என்னோடு ஆராய்ச்சி செய்தவன். நாகர்கோவிலில் மூன்று நாள் காய்ச்சல், அடக்கம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் செய்தி. கீழே ஒரு வரி: "அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும்." நான் என்ன எழுத வேண்டியிருக்கிறது என்று மாதவனுக்குத் தெரியாது.

அவரிடம் படித்தவர்கள் பலர் இதை வாசிக்கக்கூடும். அவருடைய சிறிய புத்தகத்தில் ஒரு வரி தவறாகிப்போனது என்றும், அதனால் அவருடைய சீமைப் படிப்பு நின்றது என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தவறு அவருடையதல்ல.

யுத்தத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் அவர் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. பி.ஏ. படிக்கும் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியா என்று மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர் கேட்கவில்லை. நகரத்துக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதிப்பது என்று முடிவு செய்து, ரசாயனம் படித்த மாதவனையும் சரித்திரம் படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார்.

"சரித்திரக்காரனுக்கு இதுல என்ன வேலை, மிஸ்?" என்று கேட்டேன்.

"கிணறு எப்ப வெட்டினது, பக்கத்துல முன்ன என்ன இருந்ததுன்னு ஆளுககிட்டக் கேக்கணும். அதெல்லாம் குப்பியில வராது, கேட்டியா" என்றார்.

கிழக்கேகோட்டை, ஆரியசாலை, கரமனை என்று மூன்று மாதம் குப்பிகளோடு நடந்தோம். தண்ணீரில் ஒரு திராவகத்தைச் சொட்டுவார்; கழிவு கலந்திருந்தால் மஞ்சளாகும். வெள்ளைக் காகிதத்தின் முன் கிளாஸைப் பிடித்து, மாதவனையும் என்னையும் தனித்தனியே நிறத்தை எழுதச் சொல்வார். "ரெண்டு பேரும் சேந்து பாத்தா ஒருத்தந்தான் பாத்திருப்பான்" என்பார்.

கடைசியாக இருந்தது எங்கள் வீட்டுக் கிணறு. எங்களுக்கும் அடுத்த வீட்டுச் சேஷு மாமாவுக்கும் பொது. கிணற்றின் நடுவே சுவர் ஓடும். "அந்த வேதக்காரியோட குப்பி நம்மாத்துக் கிணத்துல இறங்கப்படாது" என்றார் அப்பா; கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் சொல்வார். இதை மிஸ்ஸிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. மூன்றாம் வீட்டுக் கிணற்றிலிருந்து இன்னொரு குப்பியை நிரப்பி, எங்கள் கிணற்றின் சீட்டை அதில் ஒட்டினேன்.

கிணறுகளைப் பற்றி மிஸ் எழுதிய புத்தகம் அச்சாகி வந்தது. ஊரில் ஜுரம் என்று சேஷு மாமா வீட்டில் அப்போது தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவந்தார்கள். "நம்ம கிணறு எப்படிடா?" என்றார் மாமா. "நன்னா இருக்கு மாமா, புஸ்தகத்துலயே போட்டிருக்கு" என்றேன். மாமி காய்ச்சுவதை நிறுத்தினாள்.

ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய மகள் அலமேலு விஷ ஜுரத்தில் படுத்தாள். ஏழு வயது. ஜுர வேகத்தில் பள்ளிக்கூடத்துத் தோழிகளை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் கூடத்தில் கேட்கும். இன்றும் அந்தக் கூடத்தில் தனியாக உட்கார என்னால் முடிவதில்லை.

மூன்றாம் நாள் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு குப்பியை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். "வா. தண்ணி எடுப்போம்."

அவர் கொல்லைப்புறச் சந்தில் நின்றார். நான் குப்பியை இறக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீர் மஞ்சளாகி, கண்ணெதிரே பழுப்பாக இருண்டது. ஜுரம் அதனால்தான் வந்தது என்று மிஸ் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே சேஷு மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். "என் புத்தகத்துல தப்பா எழுதிட்டேன். அது நான் பாக்காத கிணறு. தண்ணியக் காய்ச்சிக் குடிங்க." மாமா கத்தினார். தெருவே கூடிவிட்டது. மிஸ் குனிந்த தலை நிமிராமல் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது, "ஏன் மிஸ் என் பேரைச் சொல்லல?" என்றேன்.

"புத்தகத்துல எம் பேருல்லா இருக்கு. நீ கொண்டு வந்தத விசாரிக்காம எழுதினது நான். ஒன் பங்க நீதான் சொல்லணும். அத நான் சொல்ல முடியாது."

இரண்டு நாளில் அலமேலு போய்விட்டாள்.

கொடுத்த பிரதிகளையெல்லாம் மிஸ் வீடுவீடாகப் போய் வாங்கி, எங்கள் கிணற்றின் வரியை அடித்து, "பார்க்கவில்லை" என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அவரைச் சீமைக்கு அனுப்புவதாக இருந்தவர்கள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

சென்ற வருஷம் அங்கே பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. க்ஷேமம் விசாரித்துவிட்டு, திடீரென்று, "அந்தப் பிள்ள இருந்திருந்தா இப்ப எத்தன வயசு?" என்றார்.

"பதினேழு."

"எனக்கும் அதான் வருது." பிறகு கேட்டார்: "அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்ல, மிஸ்."

கோபிப்பார் என்று நினைத்தேன். "பஸ் வந்துட்டு" என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

நேற்று அடுத்த வீட்டுக்குப் போனேன். சேஷு மாமா இப்போது இல்லை. மாமி ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குப்பி, சீட்டு, மூன்றாம் வீட்டுக் கிணறு, எல்லாவற்றையும் சொன்னேன். மாமியின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"அந்தப் பொம்மனாட்டி வாசல்ல நிக்கறச்சே, உள்ளேருந்து நான் சபிச்சேண்டா. அவ காதுல விழற மாதிரி சபிச்சேன்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "நீ போ" என்றாள்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது பஸ் ஸ்டாப்பில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். பதினோரு வருஷமாக அதற்கு என்னிடம் இருந்த பதில் "இல்லை". நேற்றோடு பதில் மாறிவிட்டது. கேட்க அவர் இல்லை.