நடுவில் அருப்புக்கோட்டை

என் சிநேகிதி நாகஜோதியைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். எந்தக் கேள்விக்கும் அவள் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டாள். கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்டால் செருப்பை மாட்டுவாள். வருகிறாள் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். வர இஷ்டமில்லை என்றால் கம்ப்யூட்டரில் எதையாவது திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இருபத்தைந்து வருஷமாக அவள் மௌனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதே எனக்குப் பாதி வேலை.

இந்தப் பங்குனியில் அவள் மகள் அஷ்வினி கேட்டதற்கும் இதே கதைதான். அஷ்வினி விவசாயப் படிப்பு முடித்தவள். பருத்தியில் மேலே ஆராய்ச்சி செய்ய அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது. செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்களாம். டெக்ஸாஸ் பக்கம் லபக் என்று ஓர் ஊர். பிள்ளையை அப்படியே விழுங்கப்போகிற மாதிரி என்ன பெயரடி இது என்று நான் கேலி செய்தேன். அங்கேயும் நம்மூரைப் போல வறண்ட காடுதானாம், கண்ணுக்கு எட்டிய மட்டும் பருத்திதானாம். ஐந்து வருஷம் போல ஆகும். வருகிறேன், இல்லை என்பதை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

“அம்மா வாயால போன்னு சொன்னாத்தான் சித்தி போவேன். இல்லையா, மதுரையிலயே ஒரு வேலையப் பாத்துக்கிட்டு இருந்துக்கிறேன்” என்று அஷ்வினி என்னிடம் தீர்மானமாகச் சொன்னாள். அவளுடைய அப்பா கணேஷ்குமார் கொரோனாவில் போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டில் தாயும் மகளும்தான். இவள் போய்விட்டால் அவள் தனி.

நாகஜோதி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் அவளுக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் கடை இருக்கிறது. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கை வண்ணம்தான். கடையில் ஆர்டர்கள் குவிந்து கிடக்க, அவள் உலக மேப் ஒன்றைத் திரையில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை காலை அஷ்வினி போன் போட்டாள். “சித்தி, நீங்க வந்தாத்தான் சரிப்படும். அம்மா ரெண்டு நாளா மேப்பயே பாத்துக்கிட்டு இருக்காங்க.” திருச்சுழியில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மேப் என்றால் நான் வந்துதான் ஆகவேண்டும். எங்கள் சிநேகிதமே மேப்பில் தொடங்கியதுதான்.

அப்போது எங்களுக்கு இருபது வயது. நான் எம்.ரெட்டியபட்டிக்காரி, லீவு நாளில் பருத்தி எடுத்துக்கொண்டே டிகிரி முடித்தவள். அவள் அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். மதுரையில் ஒரு கட்டடத்தின் மாடியில் மேப் கம்பெனி ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்புகிற காகித மேப்பைத் திரையில் வைத்து, ரோட்டையும் ஆற்றையும் கடற்கரையையும் மவுஸால் கோடு பிடித்து வரைந்து தர வேண்டும். காலையில் பஸ் ஏறி, காரியாபட்டியில் ஏறுகிற கூட்டத்தில் நசுங்கி, மதுரையில் போய் இறங்கி மாடிப்படி ஏறினால் நாங்கள் நார்வேக்காரிகள். அந்த நாட்டுக் கடற்கரை இருக்கிறதே, கடவுள் கை நடுங்கிக்கொண்டே வரைந்ததுபோல வளைந்து வளைந்து போகும். ஒருநாள் முழுக்க க்ளிக் பண்ணினாலும் ஒரு விரல்கடைதான் நகர்ந்திருப்போம்.

ஏ.சி. என்றால் என்னவென்று எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. வெளியே மாசி வீதியில் தார் உருகும். உள்ளே நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவோம். ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் ஊரில் இறங்கினால், “ஏலே, இவ ஊட்டியில இருந்து வாராடா” என்று பஸ் ஸ்டாப்பில் ஒரே சிரிப்பாக இருக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்கள் வீட்டுக் குதிரைவாலிச் சோற்றை அவள் எடுத்துக்கொள்வாள். அவள் வீட்டுப் புளியோதரை எனக்கு. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். பெரிய சம்பளம் ஒன்றும் இல்லை. ஆனால் உலகத்தின் ஒரு மூலையை நாங்கள் வரைகிறோம் என்ற கெத்து இருந்தது.

அங்கே கஷ்டமான வேலை எட்ஜ் மேட்ச். ஒரு நாட்டை ஒரே தாளில் அனுப்பமாட்டார்கள், துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு தாளின் விளிம்பில் முடிகிற ரோடு, பக்கத்துத் தாளின் விளிம்பில் மயிரிழை பிசகாமல் தொடர வேண்டும். எங்களுக்கெல்லாம் அதில் கண் இருட்டிக்கொண்டு வரும். நாகஜோதி அதை அலட்டிக்கொள்ளாமல் செய்வாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரும்போது, அதன் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். சின்ன வயசிலிருந்தே வீட்டில் அந்த வேலை செய்த விரல்கள் அவளுக்கு.

வேலையைப் பார்த்து அசந்துபோன முதலாளி, மூன்று மாதப் பயிற்சிக்கு அவளை நார்வேக்கே அனுப்பத் தயாரானார். நானும் அவளும் ஸ்டூடியோவுக்குப் போய், ரெண்டு காதும் தெரிகிற மாதிரி பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தோம். அவளுடைய அம்மா தங்கம்மாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “கல்யாணம் ஆகாத பிள்ளை கடல் தாண்டிப் போனா, நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாக?” நாகஜோதி மறுநாள் வந்து அதே நார்வேயின் விளிம்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத்தான் அழுகை வந்தது. அடுத்த தையில் கல்யாணம். அதற்கப்புறம் கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

அதனால்தான் புதன்கிழமை அவள் கடைக்குள் நுழையும்போதே எனக்குச் சுருசுருவென்று இருந்தது. தனக்கு நடந்ததை இவளே மகளுக்குச் செய்யப்போகிறாளா?

“வா வடிவு” என்றாள். திரையில் உலகம் இருந்தது. இப்போது மேப் போடுகிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். அவளும் ஏற்றியிருந்தாள்.

“வீட்டுச் செவுத்துல மாட்டுறதுக்கு ஒரு மேப் போடலாம்னு பாத்தேன். எப்பவும் லண்டன்தான நடுவுல இருக்கு? நம்ம ஊர நடுவுல வைப்போம்னு நெனச்சேன்.”

“வையி. அதுக்கு எதுக்கு ரெண்டு நாளு?”

மேப்பின் மையக் கோட்டை அருப்புக்கோட்டைக்கு நகர்த்திக் காட்டினாள். இந்தியா ஜம்மென்று நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆனால் கனடா, அமெரிக்கா, மெக்ஸிகோ எல்லாம் உலகத்தின் குறுக்கே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வரிவரியாக இழுபட்டுக் கிடந்தன. இங்க் கொட்டித் துடைத்த மாதிரி இருந்தது. அந்த வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. நடுவை நகர்த்தினால் ஓரமும் நகரும். புது ஓரம் எந்த நாட்டின் மேல் விழுகிறதோ, அந்த நாட்டின் ஒரு பாதி இடது கோடிக்கும் மறுபாதி வலது கோடிக்கும் போய்விடும். ரெண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு சாஃப்ட்வேர் இப்படிக் கிறுக்கும்.

“ஓரத்துல மெலிசா வெட்டி விட்டுட்டு நகத்தணும்டி. மறந்துபோச்சா?” என்றேன்.

“மறக்கல. வெட்டினேன். இந்தா பாரு.”

வெட்டிய மேப்பைத் திறந்தாள். வரிகள் எல்லாம் போய், உலகம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அவள் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். லபக் என்று அவள் சிவப்பில் வைத்திருந்த வட்டம் அரை வட்டமாக விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தைப் பெரிதாக்கினாள். மீதி அரை வட்டம் அங்கே இருந்தது. அருப்புக்கோட்டைக்கு நேர் பின்பக்கத்துக் கோடு அந்த ஊரின் மேலேயே போகிறது. உலகத்தில் எத்தனை ஊர் இருக்கிறது, பிள்ளைக்கு இடம் கிடைத்த ஊர்தானா அந்தக் கோட்டில் இருக்க வேண்டும்?

“நம்ம ஊர நடுவுல வச்சா அவ ஊரு ரெண்டாக் கிழியுது வடிவு. அவ ஊர நடுவுல வச்சுப் பாத்தேன். நம்ம ஊரு கிழியுது.” “மனசுக்குச் சரியாப் படல. பிள்ளைய அனுப்புற ஊர நானே எங்கையால வெட்டி வச்சிருக்கேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “சகுனம் பாக்குறியாக்கும்? படிச்சவதான நீ? ஒங்கம்மா அன்னைக்கு ஊர் வாய்க்குப் பயந்தாக. நீ கம்ப்யூட்டருக்குப் பயப்படுற. போகாதேன்னு சொல்றதுன்னா சொல்லித் தொலை. மேப்பு மேல பழியப் போடாத.”

இப்படிச் சொன்னால் எரிந்து விழுவாள், விழட்டும் என்றுதான் சொன்னேன். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மவுஸை வாங்கி நடுவை வேறு இடத்துக்கு நகர்த்தினேன். ரெண்டு ஊரும் முழுசாக வந்தன. ஒன்று இடது பக்கம், இன்னொன்று வலது பக்கம். நடுவில் அட்லாண்டிக் கடல்.

“இந்தா, யாரும் கிழியல.”

நாகஜோதி அந்தக் கடலின் மேல் விரலை வைத்தாள். “நடுவுல வெறும் தண்ணியா இருக்கே. யாரோ எவரோ மாதிரி ஆளுக்கொரு மூலையில கெடக்கோம்” என்றாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் வாங்க முடியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே போன் பண்ணினாள். “வீட்டுக்கு வா.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

போய்ப் பார்த்தால் கூடத்தில் இருந்த பீரோவும் நாற்காலியும் சுவரோரம் தள்ளப்பட்டிருந்தன. நட்டநடுவில் நீலத் தண்ணீர் டிரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் கட்டில் இல்லாத வீடு இருக்கும், டிரம் இல்லாத வீடு இருக்காது. குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் டிரம்மைக் கொல்லையில் வைப்பார்கள், கூடத்தில் யாரும் வைக்கமாட்டார்கள்.

கிட்டே போனேன். அருப்புக்கோட்டை நடுவில் இருந்த அதே மேப்பை ஃப்ளெக்ஸில் அடித்து, டிரம்மைச் சுற்றி ஒட்டியிருந்தாள். ஆறடிக்கு மூணடி ஃப்ளெக்ஸ், டிரம்முக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ரெண்டு ஓரமும் சந்திக்கிற இடத்தில் அரை வட்டமும் அரை வட்டமும் சேர்ந்து, லபக் முழு வட்டமாக இருந்தது. கனடாவும் அமெரிக்காவும் மெக்ஸிகோவும் கோட்டுக்குக் கோடு சேர்ந்திருந்தன. ரெண்டு தடவை ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டியதாக அஷ்வினி சொன்னாள். அமெரிக்காவுக்குப் பதில் சொல்ல அன்றைக்குத்தான் கடைசி நாள். காலையிலிருந்து பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

நான் இருந்தால் அவர்கள் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். நாகஜோதி மகளைப் பார்த்து, “அந்தப் பக்கம் போயி உக்காரு” என்றாள்.

அஷ்வினி அமெரிக்கா பக்கம் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இவள் இந்தியா பக்கம் உட்கார்ந்தாள். நடுவில் டிரம். எனக்கு ரெண்டு பேரையும் தெரிந்தது, அவர்களுக்குத்தான் ஒருவரையொருவர் தெரியவில்லை.

“அம்மா, நீங்க தெரியலயே” என்றாள் அஷ்வினி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் போனைத் தரையில் வைத்துவிட்டாள். “நான் போகலம்மா. விடுங்க.”

நாகஜோதி அருப்புக்கோட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு மெல்ல நகர ஆரம்பித்தாள். எழுந்திருக்கவில்லை. தரையிலேயே கையை ஊன்றி, பர்மாவைத் தாண்டி, சீனாவைத் தாண்டி, அந்தப் பெரிய கடல் முழுக்கத் தாண்டி, மகள் பக்கத்தில் போய் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்தை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“நீ போடி” என்றாள். “நான் சுத்தி வந்துக்கிறேன்.”