போணிக்கு முன்னால் வருகிறவள்

உத்திரமேரூர் பஜாரில் கடை திறந்ததும் முதல் வியாபாரம் யார் கையால் ஆகிறது என்பதில் எங்கள் கடைக்காரர்களுக்கு இருக்கிற கவலை, தராசு ஒழுங்காக நிற்கிறதா என்பதில் ஒருநாளும் இருந்ததில்லை. போணி நல்ல கையால் ஆக வேண்டும். நல்ல கை என்றால் எது என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். தாலி இல்லாத கழுத்தோடு ஒருத்தி வந்து நின்றால் மட்டும், இன்னும் போணி ஆகவில்லை, அப்புறம் வா என்பான். சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மலர்க்கொடிக்கு ‘அப்புறம்’ என்று ஒன்று கிடையாது. அவள் வந்தவாசி ரோட்டில் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்கிறாள். ஊரிலிருந்து வருகிற பஸ் சரியாகக் கடைகள் திறக்கிற நேரத்தில் அவளை இறக்கிவிடும். அதிலிருந்து கொஞ்ச நேரத்தில் அவள் மில்லுக்குள் இருக்க வேண்டும். சாயங்காலம் மில் விட்டால் ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடத்தான் நேரம் இருக்கும். ஆகவே சோப்பானாலும் பருப்பானாலும் காலையில்தான் வாங்க முடியும். புருஷன் நெல் மூட்டை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து செத்துப்போனதும், அதே கடைகளின் வாசலில் அவள் நிற்க ஆரம்பித்தாள். வேறு யாராவது வந்து போணி பண்ணுகிறவரை நிற்பாள். யாரும் வராத நாளில் சோப்பு இல்லாமலே வேலைக்குப் போவாள்.

முத்துகிருஷ்ணனின் புத்தகக் கடைக்குள் அவள் வந்தது இப்படி நின்றதால்தான். புத்தக ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. எதிரே இருந்த பாத்திரக் கடையில் போணி ஆகட்டும் என்று இவர் கடைப் படியில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தாள். நான் உள்ளே ஓசியில் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் ஆபீசில் ஒயர்மேன் நான். வேலைக்குப் போவதற்கு முன்னால் அங்கே தலையைக் காட்டாவிட்டால் எனக்கு அன்றைக்குப் பொழுது விடியாது.

முத்துகிருஷ்ணன் எரிச்சல் பிடித்த மனிதர். பள்ளிக்கூட நோட்ஸ் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களை, ஏதோ திருட வந்தவர்களைப் போல விரட்டுவார். அன்றைக்கும் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“உள்ள வர்றதுன்னா வா, இல்லன்னா நகரு. வெளிச்சத்த மறைச்சிக்கினு நிக்காத.”

போணி ஆகிவிட்டதா என்று அவள் கேட்டாள். இந்தக் கடையில் போணி ஆவதற்கே மத்தியானம் ஆகிறது, இதில் ஆள் வேறு பார்த்தால் கடையை இழுத்து மூடிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார் அவர். புரட்சி எதுவும் செய்யவில்லை. வியாபாரம் இல்லை, அவ்வளவுதான். மலர்க்கொடி உள்ளே வந்து, இருப்பதிலேயே ஒல்லியான துப்பறியும் கதை ஒன்றை எடுத்தாள். அவள் கொடுத்த நோட்டை அவர் இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போட்டார். எல்லாக் கடைக்காரனும் முதல் காசுக்குச் செய்கிற காரியம்தான். அவளோ அந்தக் கல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் போகிறபோது படிக்க என்று யாருமே கேட்காத ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு வந்துகொண்டே இருந்தாள். முதலில் தன் காசை அவர் கண்ணில் ஒற்றுவதைப் பார்ப்பதற்காக வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். போகப் போகப் படிப்பு பிடித்துக்கொண்டது. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் களத்து ஓரமாக மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்பாளாம். பத்தாவது வரை படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. அதற்கெல்லாம் சேர்த்து வைத்துப் படித்தாள். படித்ததைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்கவும் மாட்டாள். ஊரே கொண்டாடுகிற ஒரு நாவலை மேஜையில் பொத்தென்று வைத்து, இந்த ஆளு நம்மள அழவைக்கறதுக்கே எழுதிக்கினு கீறான், அழுவறதுக்கு எனக்குப் புத்தகம் வேற வேணுமா என்றாள். முத்துகிருஷ்ணன் அவளோடு சண்டைக்கு நிற்பார். இது உனக்கு வேணாம் என்று ஒரு புத்தகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், விக்கறவன் நீ, வாங்கறவ நான், குடு என்று பிடுங்கிக்கொண்டு போவாள். அந்த பஜாரில் அவள் அப்படிப் பேசிய ஒரே கடை அதுதான். மற்ற இடங்களில் அவள் குரலே எழும்பாது.

போன வருஷம் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கடையைக் காலி பண்ணச் சொன்னார்கள். நெல் வியாபாரி வேதகிரி தன் கட்டடத்தில் ஓர் இடம் கொடுத்தார். மூட்டை மூட்டையாகப் புத்தகங்களைத் தூக்கியவர்கள் வாசகர்கள்தான். ஒயரிங் முழுக்க நான் செய்தேன். மலர்க்கொடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அலமாரிகளைத் துடைத்து, எந்தப் புத்தகம் எங்கே இருக்க வேண்டும் என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழா அன்று ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரியில் பாடம் நடத்துகிற மோகன்குமார் பேசினார். உள்ளூர்ப் புத்தகக் கடையை வாசகர்கள் ஏன் நேசிக்கிறார்கள் என்பது தலைப்பு. புதுத் தாளின் வாசனையாம், அலமாரிகளுக்கு நடுவே தொலைந்துபோகிற சுகமாம். இதே மனுஷன் கடைக்கு வந்து அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், வீட்டிலிருந்து ஆர்டர் போட்டு வரவழைப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். வாசனை மட்டும் இங்கே இலவசம்.

மலர்க்கொடி மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். புதுச் சேலை. கையில் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றாள். அவள்தான் போணி என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்போது வேதகிரி தன் சம்சாரத்தோடு குங்குமத் தட்டு சகிதம் உள்ளே வந்தார். வந்தவர் மலர்க்கொடியைப் பார்த்தார், பிறகு முத்துகிருஷ்ணனைப் பார்த்தார். முத்துகிருஷ்ணன் எழுந்தார்.

“மலரு, இன்னிக்கு ஒரு நாளு வெளிய நில்லும்மா. அவங்க போணி பண்ணட்டும். அப்புறம் வா.”

அவளுக்கு முகம் சுருங்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை. அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“வெளிய நிக்கறதுக்கு இந்த பஜார்ல எனக்கு நெறைய கடை கீதுண்ணா. அதுக்கு உன் கடை எதுக்கு?”

புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் ஸ்டூல் மேல் நின்று சீரியல் விளக்குக்கு ஒயர் முடிந்துகொண்டிருந்தேன். இறங்குவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். வேதகிரியின் சம்சாரம் ஒரு சமையல் புத்தகம் வாங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து ஆட்கள் போனதும் முத்துகிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள்தானே, இடம் கொடுத்தவன் மனசு கோணக் கூடாதே என்றார். அவளை அந்த ஒரு நாள் நிறுத்துவதற்குத்தான் மற்ற நாளெல்லாம் உள்ளே விட்டாயா என்று கேட்டேன். பாத்திரக் கடைக்காரனாவது ஆரம்பத்திலிருந்தே வாசலில் நிறுத்தினான், நீ உள்ளே உட்காரவைத்து எழுப்பிவிட்டாய், அவனே உன்னைவிட மேல் என்றேன். கோபத்தில் இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் அந்தத் தடிப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மோகன்குமார் வந்து நாலைந்து புத்தகங்களை அள்ளி மேஜையில் வைத்தார். மேடையில் பேசிய கையோடு கொஞ்சம் வெட்கம் வந்திருக்கும் போல. முத்துகிருஷ்ணன் அவற்றை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

“இன்னும் போணி ஆவல சார். வெளிய நில்லுங்க.”

நானே போணி பண்ணுகிறேனே என்றார் மோகன்குமார். உங்கள் கையால் வேண்டாம் என்றார் இவர். அடுத்து வந்த டீச்சருக்கும் அதே பதில், எனக்கும் அதே பதில். விஷயம் தெரிந்து வேதகிரியே கிளம்பி வந்தார். பேத்திக்குக் கதைப் புத்தகம் வேண்டுமாம். அவரையும் வெளியே நிற்கச் சொன்னதும் கத்த ஆரம்பித்தார். இடமே என்னுது, என்னையே நிக்கச் சொல்றியா என்றார்.

“இடம் உன்னுது,” என்றார் முத்துகிருஷ்ணன். “போணி என்னுது.”

அக்ரிமென்ட் முடியட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று வேதகிரி போய்விட்டார்.

மலர்க்கொடி பஸ்ஸிலிருந்து இறங்கி, எதிர் ஓரமாக, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மில்லுக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படித்தான். முத்துகிருஷ்ணன் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை அவருக்கு. விடிந்ததிலிருந்து கடை மூடுகிறவரை ஒரு புத்தகம் விற்காமல் உட்கார்ந்திருந்தார். நாங்களோ போனபாடில்லை. உள்ளே புத்தகம் இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, வாங்க முடியவில்லை. நிற்க நிற்க முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் கால் வலித்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துவிட்டுப் போனதில் அவமானமாகவும் இருந்தது. போனில் வரவழைத்துக்கொள்ளலாமே சார் என்று மோகன்குமாரைக் குத்தினேன். அவர் காலை மாற்றி நின்றார்.

வார முடிவில் ஒரு நாள் அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள். நாங்கள் விலகி வழி விட்டோம். முத்துகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“இவங்கள்லாம் இன்னாத்துக்கு வெளிய நின்னுக்கினு கீறாங்க?” என்று கேட்டாள்.

“போணி ஆவல.”

அவள் அலமாரி அலமாரியாகப் பார்த்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே நாலு பக்கம் படித்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்துப் பின்னட்டையைப் படித்தாள், வைத்தாள். மில்லுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. வெயில் எங்கள் பிடரியில் ஏறியது. கடைசியில் வெறுங்கையோடு கல்லாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

“இன்னிக்கு ஒண்ணும் புடிக்கலண்ணா. நாளைக்கு வந்து பாக்குறேன்.”

முதலில் வருகிற ஆள் வாங்காமல் இறங்கிப் போனால் இந்த பஜாரில் ஒரு கடைக்காரனுக்கும் பொறுக்காது. முத்துகிருஷ்ணன் சரி என்றார். அவள் எங்களைக் கடந்து மில்லுக்குப் போனாள். அவர் வாசலுக்கு வந்து, எல்லோரும் நாளைக்கு வாருங்கள் என்றார்.

மோகன்குமார் என் பக்கம் சாய்ந்து, நாளைக்கும் அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

“நாளன்னிக்கு வந்து நில்லுங்க,” என்றேன்.