அறுத்த பக்கம் கரியாது

"நமது அன்புக்குரிய உறுப்பினர் சுடலைமுத்து அண்ணாச்சி காலமானார்." போன செவ்வாய்க்கிழமை காலை, ஐரோலி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் இப்படிப் போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். உறுப்பினராம்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே குழுவிலிருந்து அவரைத் தூக்கி எறிந்தவர்கள் நாம்தானே? வெட்கமாக இல்லையா நமக்கு?

அண்ணாச்சி தாராவியில் பிரேக் லைனிங் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பிசினும் நாரும் சேர்ந்து கருகுவதைத் தினமும் பார்த்த கண் அவருக்கு. பூமிக்குத் திரும்பும் விண்கலத்தைத் தான் எரிந்து காக்கிறதே வெப்பக் கவசம், அதுவும் பிசினும் நாரும்தான்; அதன் துண்டுகளைச் சேகரிக்கிற நமக்கு அந்தக் கண் கிடைத்தது அதிர்ஷ்டம். கிங்ஸ் சர்க்கிளில் ஞாயிறுதோறும் கூடும்போது, துண்டோடு வரும் சான்றிதழை அவர் தொடவே மாட்டார். "காயிதத்தைப் பாக்காதிய தம்பி, கரியைப் பாருங்க" என்பார்.

தலைவர் எங்கிருந்தோ தருவித்து நமக்கெல்லாம் விற்ற துண்டுகளில் ஒன்றை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கையில் வாங்கினார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"தலைவரே, கவசம் எரிஞ்சு வந்த பொறவுலா அறுத்துத் துண்டு போடுவாவ? அப்போ மேல்பக்கம் மட்டுந்தானே கரிஞ்சிருக்கணும்? இதுல அறுத்த பக்கமும் கரியாக் கெடக்கே. அறுத்துட்டுக் கொளுத்தியிருக்கான் எவனோ. நீங்க ஏமாந்துட்டிய."

ஏமாந்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னார். ஏமாற்றினீர்கள் என்று சொல்லவில்லை. அதற்கே தலைவர் குதித்தார். "பிரேக் கட்டை செய்யற ஆளு ராக்கெட்டைப் பத்திப் பேசறதா? சர்டிபிகேட் பொய், இவர் நிஜமா?" நாம் யாராவது வாய் திறந்தோமா? பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரமே அவரை நீக்கிக் கடிதம். செயலாளர் என்று அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

கடிதத்தைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். படித்துவிட்டு எனக்கு டீ சொன்னார். "கோவம்லாம் இல்ல தம்பி. ஆனா ஒங்களுக்குத் தெரியும்லா?" என்று மட்டும் கேட்டார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன். சே, என்ன மனுஷன் நான்!

தெரியும் அண்ணாச்சி. அந்தக் கூட்டம் முடிந்து செம்பூர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என்னுடைய துண்டை எடுத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் கரி. நீங்கள் சொன்னது சரியென்றால், ஆபீஸ் முழுக்க நான் காட்டிப் பீற்றிக்கொண்டதெல்லாம் பொய்யாகிவிடும். அதற்காகத்தான் உங்களைப் பொய்யராக்கினேன்.

இரங்கல் தீர்மானம் எழுதித் தரும்படி தலைவர் கேட்கிறார். என்னால் எழுத முடிந்தது இதுதான்.

அண்ணாச்சி நினைவாக நான் வைத்துக்கொள்ளப்போவது அந்தப் போலித் துண்டைத்தான். சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துண்டின் அறுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். உங்கள் அலமாரியில் இருப்பதையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பார்த்த பிறகு அவருக்குக் கை கூப்புங்கள்.